வழவழப்பான கோட்டை நம்பி லூப்பை ஆட்டோவில் போடாதீர்கள்

கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஓடும் கோடு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ, அவ்வளவு நிம்மதி அங்கே இருப்பவர்களுக்கு. பல ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டு லூப்களை (அளந்து, கணித்து, வால்வை நகர்த்தி, மீண்டும் அளக்கும் சுற்றுகளை) ட்யூன் செய்துவரும் எனக்கோ, அந்த வழவழப்பைக் கண்டால்தான் முதல் சந்தேகமே எழுகிறது. அளவீட்டில் கலந்த இரைச்சலை, அதாவது தற்செயல் பிழையை, விலக்கி உண்மை மதிப்பை ஊகிக்கும் கணக்குமுறையைத்தான் ஃபில்டர் என்கிறோம். சென்சார் சொல்வதைக் காதில் வாங்காத ஃபில்டர்தான் எப்போதும் மிக அழகான கோட்டை வரையும்.

நமக்கு வேண்டிய அளவுகள் பலவற்றை நேரடியாக அளக்க முடிவதில்லை. வினைகலனுக்குள் வெப்பநிலையை அளக்கலாம். செறிவை நொடிக்கு நொடி அளப்பது அரிது. எனவே கணித மாடல் ஒன்று அடுத்த நொடியின் நிலையை முன்கணிக்கிறது, இரைச்சல் கலந்த அளவீடு அதைத் திருத்துகிறது, திருத்திய மதிப்பைக் கொண்டு கட்டுப்படுத்தி வால்வை நகர்த்துகிறது. ருடால்ஃப் கால்மன் 1960-இல் இதற்கு வகுத்த முறை நேரியல் அமைப்புகளுக்கானது, அதாவது விளைவு காரணத்தோடு நேர்கோட்டு விகிதத்தில் மாறும் அமைப்புகளுக்கானது. அப்பல்லோ பயணத்தின் வழிசெலுத்தலுக்காக நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஸ்டான்லி ஷ்மிட் குழுவினர் அதை நேரியல் அல்லாத அமைப்புகளுக்கும் நீட்டித்தார்கள். அத்தகைய அமைப்பின் வளைகோட்டுக்குப் பதிலாக, இப்போதைய மதிப்பீடு இருக்கும் புள்ளியில் ஒரு தொடுகோட்டை வைத்துக் கணக்கிடுவதே அந்த நீட்டிப்பு. மதிப்பீடு தவறாக இருந்தால் தொடுகோடும் தவறான இடத்திலேயே வரையப்படும் என்பதும், அப்போதும் ஃபில்டர் தன் ஐயத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போகக்கூடும் என்பதும்தான் இதிலுள்ள ஆபத்து.

இரைச்சலின் சராசரி சுழி என்றால், நிறைய அளவீடுகளைச் சராசரி எடுத்தால் உண்மை கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நேராக எதிரே 100 மீட்டர் தொலைவில் நிற்கும் பொருளின் தூரத்தைத் துல்லியமாகவும், திசைக்கோணத்தை 15 பாகை திட்ட விலக்கத்துடனும் அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அளவீட்டையும் கொசைன் மூலம் முன்னோக்கிய தூரமாக மாற்றிச் சராசரி எடுத்தால், 100 மீட்டருக்குப் பதில் ஏறக்குறைய 96.6 மீட்டர் வரும். லட்சம் முறை அளந்தாலும் அந்த 3.4 மீட்டர் திரும்பி வராது. கோணம் இடப்பக்கம் பிழைத்தாலும் வலப்பக்கம் பிழைத்தாலும் கொசைன் குறையத்தான் செய்யும் என்பதால், இரைச்சல் இங்கே எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும் நிலையான பிழையாகிவிடுகிறது. 1997-இல் ஜூலியரும் உல்மனும் எழுதிய ஃபில்டர், தொடுகோட்டை விட்டுவிட்டு, தேர்ந்தெடுத்த சில புள்ளிகளை அந்த வளைகோட்டின் வழியாகவே அனுப்பிப் பார்ப்பது இதனால்தான்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வெப்பத்தை வெளியிடும் வினை நடக்கும் ஒரு கலனில் உற்பத்தி படிப்படியாகக் குறைகிறது என்று அழைத்திருந்தார்கள். செறிவின் மதிப்பீடு குண்டூசி முனைபோல் நிலையாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, முன்கணித்த வெப்பநிலைக்கும் அளந்த வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை, அதாவது எச்சத்தை, வரைந்து காட்டச் சொன்னேன்; அதுவரை யாரும் அதைத் திரையில் கொண்டுவந்ததே இல்லை. மூன்று நாள் பதிவில் எச்சம் சுழியின் இருபுறமும் துள்ளாமல், ஏறக்குறைய முழுவதும் மேற்பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தது. குளிர்விக்கும் ஜாக்கெட்டின் உட்சுவரில் படிவு ஏறி வெப்பக் கடத்தல் குறைந்திருக்க, மாடலில் அந்தக் கடத்தலைக் குறிக்கும் எண்ணான வெப்பக் கடத்துக் கெழு புதுக் கலனின் மதிப்பிலேயே இருந்தது. கூடுதல் வெப்பத்துக்குக் காரணம் செறிவு உயர்ந்ததுதான் என்று ஃபில்டர் தவறாகப் பொருள்கொண்டது. கட்டுப்படுத்தி அதை நம்பி மூலப்பொருள் வரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. வெப்பக் கடத்துக் கெழுவையும் மெல்ல மாறும் ஒரு நிலையாகச் சேர்த்து மதிப்பிடச் செய்தோம். அலாரத்துக்கு மட்டும் பயன்பட்டுவந்த ஜாக்கெட் நீரின் நுழைவு, வெளியேற்ற வெப்பநிலைகளையும் அளவீடாகக் கொடுத்தோம். அவை இல்லாமல் ஒரே வெப்பநிலையை வைத்துக்கொண்டு செறிவையும் படிவையும் பிரித்தறிய முயன்றிருந்தால் திணறியிருப்போம்.

நேரியல் அமைப்பில் மதிப்பிடும் பகுதியையும் கட்டுப்படுத்தும் பகுதியையும் தனித்தனியே வடிவமைத்து இணைக்கலாம். அங்கேயுங்கூட, மாடல் சற்றுப் பிசகினால் லூப் நிலைகுலையாமல் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று கட்டுப்பாட்டியல் ஆய்வாளர் ஜான் டாய்ல் 1978-இல் காட்டிவிட்டார். நேரியல் அல்லாத அமைப்பில் அந்தப் பிரிப்பே பொதுவாகச் செல்லாது. கட்டுப்படுத்தி எல்லாவற்றையும் அசையாமல் பிடித்து வைத்தால் சில நிலைகள் அளவீட்டில் தடயமே விடுவதில்லை. அவ்வப்போது உள்ளீட்டைச் சிறிது அசைத்தாக வேண்டும். (உற்பத்திப் பிரிவினருக்கு இந்த யோசனை பிடித்து நான் பார்த்ததில்லை.)

தவறான மதிப்பீடு செயலாக மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு, ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்கியாபரெல்லி தரையிறங்கியைவிடத் தெளிவான சான்று குறைவு. 2016 அக்டோபர் 19 அன்று செவ்வாயில் இறங்கும்போது, சுழற்சியை அளக்கும் கருவி சுமார் ஒரு நொடி தன் உச்ச வரம்பிலேயே நின்றுவிட்டது. அந்தத் தரவைச் சேர்த்துக் கணித்த வழிசெலுத்தல், உயரம் எதிர்க்குறியில், அதாவது தரைக்கும் கீழே, இருப்பதாக முடிவுசெய்தது. தரையிலிருந்து ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போதே பாராசூட் கழற்றிவிடப்பட்டது. இரைச்சலைப் பற்றி மட்டுமே யோசித்து, அளவீடு வரம்பில் முட்டி நிற்பதையும் இயற்கையில் நடக்கவே முடியாத விடையையும் சோதிக்காமல் விட்டுவிடும் வழக்கம் நம் தொழிலில் பரவலாக உள்ளது.

ஆகவே, லூப்பை ஆட்டோவில் போடும் முன், அதாவது ஆள் தலையிடாமல் தானே இயங்க விடும் முன், சில நாள் மதிப்பீட்டை வெறுமனே ஓடவிட்டு, எச்சத்தின் வர்க்கத்தை ஃபில்டரே கணித்த அதன் மாறுபாட்டால் (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால்) வகுத்துப் பாருங்கள். ஒற்றை அளவீடாக இருந்தால், அந்த எண் 3.84-ஐ நூற்றில் ஏறத்தாழ ஐந்து முறைதான் தாண்ட வேண்டும். முப்பது முறை தாண்டினால் ஃபில்டர் தன்னை அளவுக்கு மீறி நம்புகிறது. ஆயிரத்தில் ஒருமுறைகூடத் தாண்டாவிட்டாலும் மகிழ வேண்டாம். இரைச்சலை யாரோ மிகையாக எழுதிவைத்து, சென்சாரின் வாயை அடைத்திருக்கிறார்கள்.