வெள்ளைப் பட்டையும் மொட்டை மாடியும்

அக்னி நட்சத்திரத்தில், உச்சி வெயிலில் கோயில் வெளிப்பிரகாரம் சுற்றியவர்களுக்கு அந்த வெள்ளைப் பட்டையைத் தெரியும். கருங்கல் தளத்தின் மேல் இரண்டு மூன்று அடி அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட் நீளமாகப் போகும். அதன் மேல் நடந்தால் நிதானமாக ஒரு சுற்று வரலாம். கூட்டத்துக்கு ஒதுங்கி வெறும் கல்லில் கால் வைத்தால், வேண்டுதல் எல்லாம் மறந்து ஓடத் தோன்றும். அதே வெயில், அதே கல். நடுவில் இருப்பது ஒரு பூச்சு மட்டும்.

இந்தக் கணக்கைப் பாதம் உடனே புரிந்துகொள்கிறது. வீடு கட்டும்போதும் ஏசி வாங்கும்போதும் நமக்குத்தான் அது மறந்துபோகிறது.

மேல்மாடியில் குடியிருக்கிறவர்களின் புகார் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: பகலைக்கூடச் சமாளித்துவிடலாம், ராத்திரிதான் தாங்கவில்லை. பத்து மணிக்குத் தெருவில் லேசாகக் காற்று வரும். வீட்டுக்குள் ஃபேனைப் போட்டால் அடுப்படிக் காற்று வரும். சூரியன் போய் மூன்று நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். பிறகு எங்கிருந்து வருகிறது இந்தச் சூடு?

தலைக்கு மேலிருந்துதான். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. 500 சதுர அடி மொட்டை மாடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். அப்படியானால் 46 கிலோவாட். மணிக்கு 46 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வந்து விழுகிறது. பழசாகிக் கறுத்த காங்கிரீட் இதில் முக்கால் பங்கை விழுங்கிக்கொள்ளும். விழுங்கியதில் பெரும்பகுதி காற்றோடும் வானத்தோடும் திரும்பிப் போய்விடுகிறது. மீதிதான் தளத்துக்குள் இறங்குகிறது.

அந்த மீதியே போதும். ஐந்து அங்குலக் கனத்தில் 500 சதுர அடித் தளம் ஏறக்குறைய 14 டன் எடை இருக்கும். அதை ஒரே ஒரு டிகிரி சூடாக்க சுமார் மூன்றரை யூனிட் ஆற்றல் வேண்டும். பகலில் அது பத்து டிகிரி ஏறியது என்று வைத்துக்கொண்டால், சாயங்காலம் உங்கள் தலைக்கு மேல் 35 யூனிட் வெப்பம் உட்கார்ந்திருக்கிறது. கீழே இருக்கும் அறைக் காற்று முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படுவதைப் போல 70 மடங்குக்கும் மேல் இந்தத் தளத்துக்குத் தேவை. ஏசி போட்டதும் அறை சட்டென்று குளிர்ந்து, நிறுத்தியதும் கால் மணி நேரத்தில் பழைய வேக்காடு திரும்புவது இதனால்தான். ஏசி குளிர்வித்தது காற்றை. தளம் அப்படியே இருக்கிறது.

வெப்பம் காங்கிரீட்டுக்குள் மெதுவாகத்தான் நகரும். ஐந்து அங்குலத்தைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மதியம் இரண்டு மணிக்கு மாடியில் உச்சத்தைத் தொட்ட சூடு, சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்குத்தான் உட்கூரையில் உச்சத்துக்கு வரும். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, தட்டோடு எனும் தட்டையான சுட்ட மண் ஓடு பதித்திருந்தால் இன்னும் சில மணி நேரம் தள்ளிப்போகும். தள்ளிப்போவதோடு கீழே வரும் அளவும் குறையும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் தட்டோடு இல்லாமல் ஒரு மாடியை முடித்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு, நாள் கணக்கில் அடித்து இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்குள் ஒருமுறை போனவர்களுக்கு வித்தியாசம் சொல்லத் தேவையில்லை. இப்போது செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது இந்தப் படலத்தைத்தான். அந்தப் பணம் பிறகு கரண்ட் பில்லில் போகிறது.

உட்கூரை சூடாக இருந்தால் காற்று மட்டும் சூடாவதில்லை. தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 34 டிகிரி. அதைவிடச் சூடான கூரை, அகச்சிவப்புக் கதிராக நேரே நம் மேல் வெப்பத்தை வீசும். தோசைக்கல்லுக்கு மேல் கையை நீட்டினால் தொடாமலே சுடுகிறதல்லவா, அதேதான், கல் தலைகீழாகத் தொங்குகிறது. போதாக்குறைக்கு ஃபேன் தன் இறக்கைக்கு மேலே, கூரையை ஒட்டித் தேங்கிய காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது.

சரி, வெள்ளைப் பூச்சு என்ன செய்கிறது? இரண்டு வேலை. முதல் வேலை எல்லாருக்கும் தெரிந்தது: ஒளியைத் திருப்பி அனுப்புவது. புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு, வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பிவிடும். முன்பு முக்கால் பங்கை விழுங்கிய மாடி இப்போது கால் பங்கைத்தான் விழுங்குகிறது.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாது. விழுங்கிய வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு உமிழ்வது. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களை நம் வளிமண்டலம் அவ்வளவாகத் தடுப்பதில்லை. அந்த ஜன்னல் வழியாகக் கூரையின் வெப்பம் நேரே விண்வெளிக்குப் போய்விடும். சுண்ணாம்பும் வெள்ளைப் பெயின்ட்டும் இப்படி உமிழ்வதில் கெட்டி. பளபளக்கும் உலோகத் தகடு இதில் மோசம். தகரமும் அலுமினியமும் வெயிலைக் கண் கூசத் திருப்பி அனுப்பினாலும், விழுங்கிய கொஞ்சத்தை வெளியே விடத் தெரியாமல் சுடுகின்றன. தகரக் கூரை வீட்டுக்காரர் அதன் மேல் வெள்ளை அடித்தால் பளபளப்பு போய்விடும், வீடு குளிரும். கேட்க முரணாகத்தான் இருக்கிறது.

தெலங்கானா மாநிலம் 2023-இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. வெள்ளை அடிப்பதற்கு ஓர் அரசாணையா என்று சிரிக்கலாம். மலிவான விஷயத்துக்கு ஆதரவு தேட அரசுதான் வர வேண்டியிருக்கிறது, விற்பவனுக்கு அதில் லாபம் இல்லையே.

எதை அடிப்பது? குறைந்த செலவு சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் ஒட்டுப் பசையும் சேர்த்து இரண்டு கை அடிப்பார்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்து அது மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகும். ஒரு மழைக்காலம் போனால் பாதி போய்விடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாமல் யாரையும் மாடியேற்றாதீர்கள். அடுத்த படி, கூரைக்கென்றே வரும் வெள்ளைப் பெயின்ட். விலை கூட, சில வருஷம் நிற்கும், நீர்க்கசிவையும் ஓரளவு தடுக்கும். வெள்ளை ஓட்டுச் சில் பதிப்பது நீண்ட நாள் வேலை. எதுவானாலும் எதிரி தூசிதான். பாசி படிந்து, புகை படிந்து சாம்பல் நிறமான வெள்ளை, வெள்ளை இல்லை. சித்திரைக்கு முன்னால் ஒருமுறை தேய்த்துக் கழுவுவது அடுத்த கோட் பெயின்ட்டுக்குச் சமம்.

தளத்துக்குக் கீழே பலகை அடித்து ஃபால்ஸ் சீலிங் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறைக்கு அது உதவும், கூரையின் கதிர் நேரே உடம்பில் படாது. ஆனால் 14 டன் தளம் மேலே வெந்துகொண்டேதான் இருக்கும். வெயிலைத் தளத்தில் விழாமல் தடுப்பது ஒன்று, விழுந்தபின் மறைப்பது வேறு. மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்ட பழைய ஆள் இதை அறிந்தவர். இடைவெளி விட்டு உயர்த்திப் பதித்த சோலார் தகடுகளும் இதே பந்தல் வேலையைப் பார்க்கின்றன. மின்சாரம் தவிர நிழலும் கிடைக்கிறது என்பதை விற்பவர்கள் ஏனோ பெரிதாகச் சொல்வதில்லை.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிக்கும் பழக்கமும் வெறும் மனத்திருப்தி அல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், ஒரு டன் ஏசி பதினொரு நிமிஷம் ஓடி இழுக்கும் வெப்பத்துக்குச் சமம். மதுரை, வேலூர் மாதிரி வறண்ட ஊரில் நன்றாக எடுக்கும். சென்னைக் கடலோரப் புழுக்கத்தில் தண்ணீர் காயவே யோசிக்கும். வெட்டிவேர் தட்டிக்கும் இதே விதி.

சுவர்களில் கவலைப்பட வேண்டியது மேற்குச் சுவர். ஏப்ரல் கடைசியில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் வடக்கே நகர்ந்துவிடுகிறது. தெற்குச் சுவரில் கோடை வெயில் அவ்வளவாகப் படாது. பிற்பகலில் மேற்கு ஜன்னலில் தாழ்ந்து அடிக்கும் வெயிலை சன்ஷேடும் தடுக்காது. அதற்கு மூங்கில் தட்டி, ஜன்னலுக்கு வெளியே. உள்ளே தொங்கும் திரை, கண்ணாடி தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் பிடிக்கிறது. பிடித்த சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. இரட்டைக் கண்ணாடி, பஞ்சு அடைத்த சுவர் என்று இணையத்தில் வரும் அறிவுரைகளில் பல, சூட்டை உள்ளே காப்பாற்றப் பார்க்கும் குளிர்நாட்டு வீடுகளுக்கானவை. நமக்கு வேண்டியது முதலில் நிழல்.

இத்தனைக்கும் பிறகுதான் ஃபேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் ஃபேன் 30 வாட் பக்கம். பழைய மோட்டார் தன் சுழலியில் மின்னோட்டத்தைத் தூண்டியே காந்தமாக்க வேண்டும், அதில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது. புதியதில் நிரந்தரக் காந்தமே இருக்கிறது. தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணப் படியே மாறுவதால், விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த 40 பெரிய விஷயம். ஆனால் எந்த ஃபேனும் காற்றைக் குளிர்விக்காது, வியர்வையைக் காயவைக்கும், அவ்வளவே. ஆளில்லாத அறையில் சுற்றும் ஃபேன் அறையைச் சூடாக்கத்தான் செய்கிறது.

மாடிக்கு வெள்ளை அடிக்கிற அன்றைக்கு அங்கே இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். சாயங்காலம் குழாயைத் திறந்தால் கொதிநீர் வருவது அதன் உபயம். பிளாஸ்டிக்கில் சுண்ணாம்பு நிற்காது. பழைய வெள்ளைச் சாக்கு இரண்டைப் பிரித்துப் போர்த்திக் கட்டினாலே போதும்.