கான்செர்ட்டோ கச்சேரி அல்ல

"வால்டனின் வியோலா கச்சேரி 1937ல் பதிவானது." இந்த மாதத்தில் இப்படி ஒரு வரியைப் படிப்பது மூன்றாவது தடவை.

ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் வால்டன் இயற்றியது வியோலா கான்செர்ட்டோ. வியோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, சுருதி ச–ப அளவுக்குக் கீழே. கான்செர்ட்டோ இத்தாலியச் சொல். லத்தீன் வேருக்குப் போட்டியிடுதல் என்று பொருள், இத்தாலியனில் இசைந்து போதல் என்றும் உண்டு. ஒற்றை வாத்தியம் ஒரு பெரிய வாத்தியக் குழுவோடு மோதியும் கூடியும் போகும்படி எழுதிய உருப்படி. சரி, சொல் வரலாறு போதும்.

கச்சேரி என்பது ஒரு சாயங்காலம் நடந்து, மங்களத்தோடு முடிந்துபோவது. 1929 அக்டோபர் 3 அன்று இந்த உருப்படி முதன்முதலாக ஒலிக்க, லண்டன் குயின்ஸ் ஹாலில் நடந்தது கச்சேரி. யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ அந்த வியோலாக் கலைஞர் லயனல் டெர்ட்டிஸ் வேண்டாம் என்று திருப்பிவிட, பால் ஹிண்டமித் வாசித்தார். (டெர்ட்டிஸ் பிற்பாடு மனம் மாறி வாசித்தார், அது வேறு கதை.) 1937ல் ஃபிரடெரிக் ரிடில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்கு வாசித்ததுதான் முதல் பதிவு. 1946ல் வில்லியம் பிரிம்ரோஸ், அப்புறம் மெனுஹின். மூன்றுக்கும் வால்டனே குழுவை நடத்தினார். ஒரே கச்சேரி எப்படி ஐயா மூன்று தரம் பதிவாகும்? 1961ல் வால்டன் வாத்தியங்களைக் குறைத்து, ஹார்ப் என்ற நரம்பு வாத்தியத்தைச் சேர்த்துத் திருத்தினார். முடிந்துபோன கச்சேரியை முப்பது வருடம் கழித்து யாராவது திருத்துவார்களா?

தமிழ்ப்பற்றால் கச்சேரி என்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. தாலுகா கச்சேரி என்று அலுவலகத்தைச் சொன்னோமே, வடக்கிலிருந்து வந்த அதே சொல்தான் இது. 'தனி ஆவர்த்தனம்' என்று எழுதுகிறவர்கள் இன்னும் மோசம். அது மிருதங்கக்காரருக்கு மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடும் இடம். இங்கே குழு ஒதுங்குவதே இல்லை.

சங்கப் பாட்டில் பல வாத்தியங்களைக் குறிக்கும் பல்லியம் இருக்கிறது, மேடையில் உருப்படி இருக்கிறது. 'வியோலா–பல்லிய உருப்படி' என்பேன். நீளம்தான். பிடிக்காதவர்கள் வயலின், பியானோ என்று எழுதுகிற மாதிரி கான்செர்ட்டோ என்றே எழுதட்டும்.

தமிழில் 'இன்னார் கச்சேரி' என்றால் இன்னார் பாடினார், வாசித்தார் என்று அர்த்தம். எட்மண்ட் ரப்ரா 1952ல் எழுதிய வியோலா கான்செர்ட்டோவையும் அதே கை 'ரப்ராவின் கச்சேரி' ஆக்கியிருக்கிறது. அடுத்த வருடம் அதை முதலில் வாசித்தவர் பிரிம்ரோஸ்.