கிளட்ச் பிடிக்கிற கையில்தான் கிடாரும்

கைவலி என்று வரும் கிடார் கலைஞர்களிடம், பயிற்சி நேரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே பைக் ஓட்டுவீர்களா என்று கேட்டுவிடுவேன். கை, விரல் பிரச்சினைகளைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்வி முக்கியம். "ஒரு மாதமாகக் கிடாரைத் தொடவே இல்லை, ஆனாலும் வலி குறையவில்லை" என்று பலர் வருத்தத்தோடு சொல்வார்கள். விசாரித்தால் அந்த மாதம் முழுக்க நெரிசலில் கிளட்ச்சைப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு ஓட்டியிருப்பார்கள். கிடாருக்குத்தான் ஓய்வு கிடைத்திருக்கிறது, கைக்கு இல்லை.

பெரும்பாலானவர்கள் தந்தியை அழுத்துவது இடது கையால். கிளட்ச் இருப்பதும் இடது பக்கம். இரண்டு வேலைக்கும் விரலை மடக்கும் அதே தசைகள்தான் உழைக்கின்றன. முன்கையிலிருந்து வரும் ஒன்பது தசைநாண்கள், மணிக்கட்டில் கார்பல் டனல் என்ற குறுகலான வழியாக விரல்களுக்குப் போகின்றன. கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்புக்கும் அதே வழிதான். சுற்றிலும் எலும்பும் தடித்த நாரும் இருப்பதால் அந்த இடம் விரிந்து கொடுக்காது. நாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தால் நசுங்குவது நரம்பு.

மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் குறைவு. உள்ளே மடங்கினாலும் வெளியே வளைந்தாலும் அழுத்தம் கூடும். கிடாரைத் தாழத் தொங்கவிட்டு, ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பார் கார்டு பிடித்தால் மணிக்கட்டு நன்றாக மடங்கிவிடும். கிளட்ச் லீவர் அதிகம் மேலே தூக்கியிருந்தால் எதிர்ப்பக்கம் வளையும். ஆக, நாள் முழுவதும் அந்த நரம்புக்கு நேரான நிலையே கிடைப்பதில்லை.

விரல் மரத்துப்போவதைப் பலர் "தந்தி அழுத்திக் காய்த்துப்போன விரல்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். காய்ப்பினால் உணர்வு மங்குவது தந்தி படும் நுனித்தோலில் மட்டும். தந்தி அழுத்தும் கையின் கட்டைவிரல் கிடாரின் கழுத்துக்குப் பின்னால் இருக்கிறது, அதில் ஏது காய்ப்பு? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மதமதத்து, இரவில் எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால், மீடியன் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால் அது அல்நார் நரம்பு. முன்னால் சாய்ந்து ஓட்டும் பைக்கிலும் சைக்கிளிலும் உடல் எடை உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் இறங்கி, அங்கே செல்லும் இந்த நரம்பை அழுத்தும். முழங்கையை வெகுநேரம் மடக்கியே வைத்திருந்தாலும் இதே தொல்லை வரலாம்.

அப்புறம் அதிர்வு. நீண்ட பயணம் முடிந்த கையோடு மேடை ஏறுபவர்கள் இதைக் கவனியுங்கள். ஹேண்டில்பார் அதிர்வால் விரல் நுனி உணர்வு சிறிது நேரம் மங்கியிருக்கும். எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் தேவைக்கு மேல் அழுத்துவோம். குளிரும் சேர்ந்தால் இன்னும் மோசம். கை சூடேறி உணர்வு திரும்பிய பிறகு, எளிதான விரல் பயிற்சியில் ஆரம்பியுங்கள். குளிரில் விரல்கள் வெளுத்துப்போனால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மாற்ற வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சீட்டில் உட்கார்ந்து லீவர் மேல் விரல் வைத்தால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வருமாறு லீவரைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். கிளட்ச் கேபிள் இறுகியிருந்தால் எண்ணெய் விடுங்கள், பழையதானால் மாற்றுங்கள். சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலுக்கு வந்து கையை விடுங்கள். கிடாரில் ஸ்ட்ராப்பைக் குறுக்கி, தந்தியின் உயரத்தைக் குறைத்து, கொஞ்ச நாள் மெல்லிய தந்தி போட்டுப் பாருங்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட் பலருக்கு நல்ல பலன் தருகிறது. நீரிழிவு, தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு இருந்தாலும் விரல் மரக்கும். அதனால் ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். கட்டைவிரல் மேடு மெலிந்தாலோ, பொருள்கள் கை நழுவினாலோ, மரப்பு நிரந்தரமாகத் தங்கினாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

கீழே விழுந்து கையை ஊன்றிய பிறகு கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுக் குழிவில் வலித்தால் ஸ்காஃபாய்டு எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது உண்டு. ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால், கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகக்கூடும். வலி நீடித்தால் மறுபடி எக்ஸ்ரேயோ எம்ஆர்ஐயோ எடுக்கக் கேளுங்கள். விரல் நுனி மட்டும் தொங்கி, தானாக நிமிர முடியவில்லை என்றால் நாண் அறுந்திருக்கலாம். அதற்கு 6 முதல் 8 வாரம் நுனியை நேராக வைத்து ஸ்பிளின்ட் போட வேண்டும். கழுவுவதற்காகக் கழற்றும்போதும் நுனியை மேசை மேல் தாங்கிப் பிடித்திருங்கள். ஒரு முறை மடங்கிவிட்டாலும் நாள் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.