அலை கிளம்பும் அறை

நீர் விளையாட்டுப் பூங்காவில் செயற்கை அலை அடிக்கும் அலைக்குளத்தில் இறங்கும் கூட்டம் முழுக்க ஒரே திசையைப் பார்த்து நிற்கும். எதிரே, ஆழமான முனையில், பாறைபோலச் சிமென்ட் பூசிய உயரமான சுவர். அலை அந்தச் சுவரின் அடியிலிருந்துதான் வருகிறது. அதற்குப் பின்னால் இருப்பதை வந்தவர்களில் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. கண்ணில் படக்கூடாது என்று திட்டமிட்டே அந்த இடத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

பாலக்காட்டுக்கு அருகே மலம்புழாப் பக்கம் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தபோது, அந்தச் சுவரின் பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது. உடை மாற்றும் அறையைத் தேடிப் போன நாலைந்து பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள். "சார், இது மோட்டார் ரூமுங்க" என்றான் ஒருவன். ஸ்டார்ட்டர் பெட்டி, வால்வு, ஈரத் தரை, காதை அடைக்கும் இரைச்சல் எல்லாமே அவனுக்கு வீட்டுப் பழக்கம். அடுத்து அவன் கேட்டதுதான் நல்ல கேள்வி: "தண்ணிக்குள்ள பம்பு எதுவுமே காணோமுங்களே, அப்புறம் அலை எப்படி வருது?" அதற்குள் ஒரு பணியாளர் வந்து, கோபப்படாமல், கதவைச் சாத்திவிட்டார். பேருந்தில் சொன்ன பதிலை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

அலையைக் கிளப்புவது காற்று. சுவருக்குப் பின்னால் வரிசையாகக் கான்கிரீட் அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையின் அடியும் குளத்தோடு திறந்திருக்கும், மேல்பக்கம் மூடியிருக்கும். குளத்தில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் அறைக்குள்ளும் நிற்கும். மேலேயுள்ள பெரிய விசிறி அறைக்குள் காற்றைத் தள்ளினால் உள்ளே மட்டம் இறங்கும். இறங்கிய நீர் அடிவாய் வழியாகக் குளத்துக்குள் பாயும். உடனே வால்வு திரும்பி, அடைபட்ட காற்றை வெளியே விடும். குளத்து நீர் மறுபடி அறைக்குள் ஏறும். சில விநாடிகளுக்கு ஒருமுறை இதே வேலை திரும்பத் திரும்ப நடக்கிறது. வால்வைத் தவிர அசையும் பாகம் எதுவும் நீருக்குப் பக்கத்தில்கூட இல்லை. துரு இல்லை, விரல் சிக்காது. இந்த எளிமைதான் எனக்கு இந்த இயந்திரத்தில் மிகவும் பிடித்தது.

வெறும் விசிறிக்கு அவ்வளவு பலமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீரை ஒரு மீட்டர் கீழே அழுத்த 9,800 பாஸ்கல் அழுத்தம் போதும். வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1,01,300 பாஸ்கல். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே கம்ப்ரசர் தேவைப்படாது. ஆனால் நகரும் எடை சாதாரணமானதல்ல. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள அறையில் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் 6 கன மீட்டர், அதாவது 6 டன் நீர் வெளியே வருகிறது. இது ஓர் அறைக்கு மட்டும். அடிவாயில் கம்பித் தடுப்பு இருப்பதும், ஆழமான முனைக்குக் குறுக்கே கயிறு கட்டி லைஃப்கார்டு ஊதிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். அந்தக் கயிற்றைத் தாண்டி நீந்தப் பார்க்கும் பெரியவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வால்வு திரும்பும் நேரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அறைக்குள் நீர் ஏறி இறங்க அதற்கென்று ஒரு கால அளவு உண்டு. அதோடு ஒத்துப்போய்க் காற்றைத் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலும் முந்தியதோடு சேர்ந்து அலை வளரும். தப்பினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டால் நேர்கோட்டில் அலை வரும். ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி விட்டால், அலைகள் குறுக்கிட்டு வைர வடிவக் கட்டங்களாகக் குளம் முழுக்கப் பரவும். மேலே ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்துகிறவர் மாற்றுவது இதைத்தான்.

செயற்கை அலை புதிய யோசனை அல்ல. ஜெர்மனியில் ராடெபாய்ல் ஊரின் பில்ஸ் குளத்தில் 1912-லேயே இயந்திர அலை அடித்தது. புடாபெஸ்ட் நகரின் கெல்லெர்ட் குளத்துக்கு 1927-இல் வந்தது. 1969-இல் அரிசோனாவின் டெம்பி நகரில் திறந்த பிக் சர்ஃப் வேறு வழியில் போனது: உயரமான தொட்டியில் நீரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, சறுக்குப் பலகையில் ஏறி நிற்கும் அளவுக்குப் பெரிய அலையை உண்டாக்கினார்கள்.

சுவரிலிருந்து கிளம்பும்போது அலை வழுவழுப்பான மேடுதான். அதை உடைத்து நுரையாக்குவது குளத்தின் சரிந்த தரை. ஆழம் குறைவான நீரில் அலையின் வேகம், ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த அளவு. 1.6 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர், 0.4 மீட்டரில் 2 மீட்டர். முன்னால் போவது மெதுவாகிறது, பின்னால் வருவது வேகமாக வந்து நெருக்குகிறது. நெருங்கிய ஆற்றலுக்குப் போக வேறு வழியில்லை, மேலே எழுகிறது. ஆழம் நாலில் ஒரு பங்காகும்போது அலை உயரம் சுமார் 40 சதவீதம் கூடும். உயரம் ஆழத்தின் முக்கால் பங்கைத் தாண்டியதும் உச்சி முன்னால் கவிழ்ந்து உடைகிறது. கன்னியாகுமரியில் நடப்பதும் இதுவே.

அந்தக் கதவுக்குள் பிள்ளைகள் பார்த்ததில் பாதிதான் அலை. வரிசையாக நின்ற பெரிய உருளைகள் மணல் வடிகட்டிகள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையேயான பரம்பிக்குளம் ஆழியாறு நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு மணக்கடவில் வந்து சேர வேண்டிய 7.25 டி.எம்.சி. (725 கோடி கன அடி) நீரை ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கொண்டிருக்கும் நாடு இது. குளத்து நீரைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப முடியாது. ஒரே நீர்தான் சுற்றுகிறது. ஓரக் கால்வாயில் வழிந்து, முடியும் இலையும் ஒரு கூடையில் தங்க, பம்பு வழியாக மணலுக்குள் இறங்குகிறது. அரை மில்லிமீட்டர் மணலில் நுண்ணிய அழுக்கு தானாகச் சிக்காது. அதனால் முதலில் படிகாரம் சேர்க்கிறார்கள். கலங்கல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டபிறகு மணலில் மாட்டிக்கொள்கின்றன. நம் பாட்டிமார் கலங்கிய ஆற்றுநீர்க் குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்ததும் இதே வேதியியல்தான். மணல் அடைத்துக்கொண்டால் நீரைக் கீழிருந்து மேலாக விட்டுக் கழுவுவார்கள்.

அடுத்தது குளோரின். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் மருந்து அதிகம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நேர்மாறு. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. கிருமியைக் கொல்லும் வேலைக்குக் குளோரின் மிச்சமில்லாமல் தீர்ந்துகொண்டிருக்கலாம். நீரின் pH 7.5 என்றால் குளோரினில் ஏறத்தாழ பாதி வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8-க்கு ஏறினால் கால் பங்குதான். அதனால் pH-ஐ இறக்கப் பக்கத்திலேயே அமிலமும் வைத்திருப்பார்கள். இரண்டும் தவறிக் கலந்தால் நச்சு வாயு. கதவைச் சாத்தியவர் செய்தது முழுக்கச் சரி.

ஆனால் மறைப்பதற்கு ஆபத்து மட்டும் காரணமல்ல. பொழுதுபோக்குப் பூங்கா, பார்வைக் கோட்டை வைத்துக் கட்டும் கட்டடக் கலை. கண் உயரம் 1.5 மீட்டர், 10 மீட்டர் தொலைவில் 4.5 மீட்டர் உயர மூங்கில் வேலி. பார்வை பத்து மீட்டருக்கு மூன்று மீட்டர் மேலேறுகிறது. வடிவொத்த முக்கோணப்படி 40 மீட்டர் தொலைவில் 13.5 மீட்டர் உயரக் கட்டடமே மறைந்துபோகும். மிஞ்சித் தெரியும் தகரக் கூரைக்கு மந்தமான சாம்பல்பச்சை அடித்துவிட்டால் மரங்களோடு கரைந்துவிடும். டிஸ்னி பூங்காக்களில் இந்த நிறத்தைக் 'கோ அவே கிரீன்' என்கிறார்கள். கணக்கு முழுக்கத் தரையில் நிற்கும் கண்ணுக்கானது. சறுக்குக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறியவர் வேலிக்கு மேலாகப் பார்க்கிறார். உலர்த்தப் போட்ட மிதவைகள், டீசல் ஜெனரேட்டர், நிழலில் சாப்பிடும் பணியாளர்கள் எல்லாம் தெரிவது அங்கிருந்துதான்.

இந்தக் கலையை உச்சிக்குக் கொண்டுபோனது வால்ட் டிஸ்னியின் நிறுவனம். 1955-இல் கலிஃபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டைச் சுற்றி மண்மேடு எழுப்பி, அதன்மேல் ரயிலை ஓடவிட்டார்கள். 1971 அக்டோபர் 1-இல் ஃபுளோரிடாவில் திறந்த மேஜிக் கிங்டமில் பணியாளர்களும் சரக்கும் போய்வரச் சுரங்கப் பாதைகளே உண்டு. அங்கே நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் தோண்ட முடியவில்லை. பாதைகளைத் தரைமட்டத்தில் கட்டி, அருகே ஏரி வெட்டிய மண்ணைச் சுற்றிலும் கொட்டி, பூங்காவை அதன்மேல் அமைத்தார்கள். பார்வையாளர் நடப்பது உண்மையில் மாடியில். குப்பையும் காற்றை உறிஞ்சும் குழாய்கள் வழியே கண்ணில் படாமல் போய்விடுகிறது. அந்தச் சுரங்கத்துக்குள் வழிகாட்டியோடு கூட்டிப்போக அவர்களே கட்டணச் சுற்றுலாவும் நடத்துகிறார்கள்.

நம் பக்கத்துப் பூங்காக்களும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். சுரங்கம் வேண்டாம், இயந்திர அறைச் சுவரில் தடித்த கண்ணாடி ஜன்னல் ஒன்று போதும். அழுத்தம், அலை, அமிலம், வடிகட்டல் என்று நான்கு பாடங்கள் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பள்ளிப் பேருந்துகள் வாளையாறு தாண்டியும் பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் நாள்தோறும் வருகின்றன.

ஜன்னல் வரும்வரை குளத்திலிருந்தே ஒன்றை அளக்கலாம். சைரன் ஊதி அலை சீரானதும், கரையோரம் ஓரிடத்தில் நின்று அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். வால்வு திரும்பும் கால அளவு அதுவே. மூன்று விநாடி வந்தால், 1.6 மீட்டர் ஆழத்தில் முகட்டுக்கு முகடு ஏறத்தாழ 12 மீட்டர், முழங்காலளவு நீரில் 6 மீட்டர்.