குமிழ் 180 என்கிறது, எண்ணெய் என்ன சொல்கிறது?

பண்டங்களை எண்ணெயில் பொரிக்கும் எலெக்ட்ரிக் ஃப்ரையரைப் பழுது பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். "எண்ணெய் ரொம்பக் குடிக்குது" என்பது ஒன்று. "மேலே கருகிடுது, உள்ளே வேகலை" என்பது இன்னொன்று. இரண்டுமே சூட்டைப் பற்றிய புகார்தான். சூட்டைக் குறிக்கும் திருப்புக் குமிழை 180 டிகிரியில் வைத்திருக்கிறார்கள், எண்ணெய் அங்கே இல்லை. உடனே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டில் இருக்கும் அந்தச் சின்னத் திருகு. அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் சரியாகிவிடும் என்று கை பரபரக்கும். அந்தத் திருகைத்தான் கடைசியில் தொட வேண்டும். இது எனக்கு அனுபவத்தில் புரிந்த விஷயம், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எண்ணெய்க்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம்.

பொரிக்கும்போது எண்ணெய் செய்யும் பெரிய வேலை, பண்டத்திலிருக்கும் தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றுவது. கூடை இறங்கியதும் சொர்ரென்று கிளம்பும் நீர்க்குமிழிகள் அத்தனையும் நீராவி. அந்தச் சூட்டில் எண்ணெய் கொதிக்காது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கிலோ பச்சை உருளைக்கிழங்குத் துண்டுகள் பொரிந்து முடிவதற்குள் 400 கிராம் தண்ணீரை இழப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். ஆக 400 கிராமுக்கு 900 கிலோஜூல். தொட்டியில் 15 லிட்டர் எண்ணெய் இருந்தால், அதை ஒரு டிகிரி ஏற்ற 28 கிலோஜூலை ஒட்டி ஆகும். அதாவது ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் அந்த ஒரு கிலோ துண்டுகள் எண்ணெயை 30 டிகிரிக்கு மேல் கீழே இழுத்துவிடும். துண்டுகளைச் சூடேற்ற ஆகும் செலவு தனி.

9 கிலோவாட் ஹீட்டர் நொடிக்கு 9 கிலோஜூல் தரும். அந்த 900 கிலோஜூலைத் தர அதற்கு 100 நொடி ஆகும். இவ்வளவு கடுமையான வேலையை அது ஒவ்வொரு கூடைக்கும் செய்தாக வேண்டும். அது முழு பலத்தோடு இல்லையென்றால் கூடை இறங்கிய பிறகு சூடு விழுந்து, எழ நேரமாகும். மேல்தோல் இறுகத் தாமதமாகும், பண்டம் எண்ணெயில் அதிக நேரம் கிடக்கும். இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. எண்ணெய் குடிப்பதில் பெரும்பகுதி தொட்டிக்குள் நடப்பதில்லை. உள்ளிருந்து ஆவி வேகமாக வந்துகொண்டிருக்கும்வரை எண்ணெய்க்கு நுழைய இடமில்லை. கூடையைத் தூக்கிய பிறகு, பண்டம் ஆறும்போது, உள்ளே மிச்சமிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. தூக்கியவுடன் கூடையை நன்றாக உதறி எண்ணெயை வடியவிட்டாலே பாதிப் புகார் குறையும்.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: சும்மா நிற்கும்போதே எண்ணெயின் சூடு தப்பாக இருக்கிறதா, கூடை இறங்கிய பிறகு மட்டும் விழுகிறதா? சும்மா நிற்கும்போது சரியாக இருந்து, வேலை வந்ததும் தடுமாறினால் தெர்மோஸ்டாட் மேல் குற்றமில்லை. ஹீட்டருக்குத் தெம்பு போதவில்லை.

தெம்பை அளக்க ஒரு கடிகாரம் போதும். 9 கிலோவாட்டும் 15 லிட்டரும் என்றால், இழப்பைச் சேர்க்காமல் நிமிடத்துக்கு 19 டிகிரி ஏற வேண்டும். 30 டிகிரியிலிருந்து 180-க்குப் போக எட்டு நிமிடம், இழப்போடு சேர்த்து இன்னும் இரண்டொரு நிமிடம் என்று வையுங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆனால் எங்கேயோ ஒரு ஹீட்டர் வேலை செய்யவில்லை. மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று மீட்டரால் உறுதி செய்து, ஹீட்டரின் வயர்களைக் கழற்றி ஓம் பாருங்கள். 9 கிலோவாட் என்பது 3 கிலோவாட் ஹீட்டர்கள் மூன்றாக இருந்தால், 230 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 17.6 ஓமை ஒட்டிக் காட்டும். மூன்று ஹீட்டரும் ஒரே மாதிரி காட்டினால் சந்தேகத்தை சப்ளை பக்கம் திருப்பலாம். மூன்று ஹீட்டரின் ஒரு முனையை ஒன்றாக முடிந்த ஸ்டார் இணைப்பில், நியூட்ரல் வயர் இல்லாத ஃப்ரையரில், மூன்று மின்வழிகளில் (பேஸ்) ஒன்று போய்விட்டால், மிச்சமிருக்கும் இரண்டு ஹீட்டர்களும் தொடராக இணைந்துவிடும். மொத்த சக்தி பாதியாகிவிடும். விளக்கு எரியும், எண்ணெயும் சூடாகும், யாருக்கும் சந்தேகம் வராது. வோல்ட்டேஜ் குறைவும் இப்படித்தான் ஏமாற்றும். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் சக்தி 19 சதவீதம் இறங்கும், ஏனென்றால் சக்தி வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது.

ஹீட்டர் குழாயை அறுத்துப் பார்த்தால் நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள், அதைச் சுற்றி இறுக்கி அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு வெள்ளைப் பொடி, வெளியே துருப்பிடிக்காத உலோக உறை. அந்தப் பொடியின் குணம் அபூர்வமானது. சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஈரத்தை இழுக்கும். சில மாதம் ஓரமாகக் கிடந்த ஃப்ரையரை மாட்டியதும் மின்கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்தால், ஹீட்டரைத் தூக்கிப்போட அவசரப்பட வேண்டாம். மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் பொடி ஈரம் குடித்திருக்கலாம். ஹீட்டரைக் கழற்றி, சூடான அடுப்புப் பெட்டிக்குள் சில மணி நேரம் உலர்த்தினால் பல நேரங்களில் தேறிவிடும். தேறாவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

சரி, சக்தி முழுதாக இருக்கிறது, ஆனால் சும்மா நிற்கும்போதே சூடு தப்பு. இப்போது தெர்மோஸ்டாட்டுக்கு வரலாம். குமிழ் வைத்த ஃப்ரையர்களில் எண்ணெய்க்குள் பென்சில் கனத்தில் ஒரு உலோகக் குழல் முங்கியிருக்கும். அதற்குள் ஒரு திரவம். குழலிலிருந்து நூல் போல மெலிந்த நுண்குழாய் ஒன்று பெட்டிக்குள் போகும். சூடு ஏறினால் திரவம் விரியும். விரிந்த திரவம் நுண்குழாய் வழியே தள்ளி, மறுமுனையிலிருக்கும் மெல்லிய தகட்டை உப்பவைக்கும். தகடு ஒரு சுவிட்சைத் தட்டிவிடும். குமிழைத் திருப்பும்போது நாம் செய்வதெல்லாம், தகடு எவ்வளவு உப்பினால் சுவிட்ச் விழ வேண்டும் என்ற தூரத்தை மாற்றுவதுதான். டிஜிட்டல் வகையில் குழலுக்குப் பதில் பிளாட்டினம் சென்சார் இருக்கலாம். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் என்று அதன் மின்தடை ஒழுங்காக ஏறும்.

எந்த வகையானாலும், அந்தக் குழலுக்குத் தெரிந்தது தன்னைத் தொடும் எண்ணெயின் சூடு மட்டும்தான். இதை மறந்ததால் ஒருமுறை நான் தப்பு செய்தேன். ஒரு ஃப்ரையர் 180 என்று வைத்தால் 160-ஐத் தாண்டவில்லை. திருகைத் திருப்பி, அரை மணி நேரம் பார்த்து, 180-க்குக் கொண்டுவந்துவிட்டுப் போனேன். சில நாளில் எண்ணெய் புகைகிறது என்று மறுபடி கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் 200. நடந்தது இது: குழலைப் பிடித்திருக்கும் கிளிப் விலகி, குழல் ஹீட்டரோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஹீட்டரின் சூட்டை நேராக வாங்கி, எண்ணெய் சூடாகும் முன்பே போதும் என்று சுவிட்சை விழவைத்திருக்கிறது. நான் கிளிப்பைப் பார்க்காமல் திருகால் சமன் செய்தேன். பிறகு தொட்டியைக் கழுவியவர் குழலை ஒழுங்காக அதன் இடத்தில் மாட்டிவிட்டார். அவர் செய்தது சரியான வேலை. என் திருகுதான் அதைத் தவறாக மாற்றியது. அன்றிலிருந்து கிளிப்பையும், குழல் ஹீட்டரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும், அதன்மேல் படிந்த கரியையும் பார்க்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதில்லை. கரி படிந்த குழல் சூட்டைத் தாமதமாக உணரும். எண்ணெய் அளவைத் தாண்டி ஏறும், பிறகு அளவுக்கு மேல் இறங்கும்.

ஆகவே அளவுதிருத்தத்துக்கு முன்னால் சுத்தம். எண்ணெயை வடித்து, தண்ணீரும் காரத்தன்மையுள்ள ஃப்ரையர் சுத்திகரிப்புப் பொடியும் போட்டு, பொங்காமல் பார்த்தபடி 90 டிகிரியில் அரை மணி வைத்தால் கெட்டிப்பிசின் இளகிவிடும். தண்ணீர் மட்டம் ஹீட்டருக்கு மேலேயே இருக்க வேண்டும். வெறும் ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்தால் சிவந்து பழுதாகும், மேலே ஒட்டிய எண்ணெய் தீப்பிடிக்கும். அலுமினியப் பாகங்கள் எதையும் அந்தத் தண்ணீரில் போடக்கூடாது, காரம் அரித்துவிடும். கழுவியபின் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரால் அலசுங்கள். காரம் மிச்சமிருந்தால் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகி நுரை தள்ளும். கடைசியில் பொட்டு ஈரமில்லாமல் துடைப்பது உயிர் காக்கும் வேலை. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும். சூடான எண்ணெய்க்கு அடியில் அது நடந்தால் எண்ணெய் வெளியே பாயும்.

இப்போதுதான் அளவுதிருத்தம். முதலில் உங்கள் தெர்மாமீட்டரையே சோதியுங்கள். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கலவையில் 0 காட்ட வேண்டும், கொதிக்கும் தண்ணீரில் 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பிறகு அந்த முனையைத் துணியால் நன்றாக உலர்த்திவிட்டுத்தான் எண்ணெய்க்குள் விட வேண்டும். தெர்மாமீட்டரின் முனை தொட்டியின் நடுவில், எண்ணெய் மட்டத்துக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே நிற்கட்டும். ஹீட்டருக்குக் கீழே வைத்தால் அளவு பொய்யாகும். சூடான எண்ணெய் மேலே போகும், ஹீட்டருக்கு அடியிலிருப்பது குளிர்ந்தே கிடக்கும். கீழே விழும் தூள் கருகாமலிருக்க வேண்டுமென்றே விட்ட இடம் அது.

குமிழை 180-இல் வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். முதல் ஏற்றம் எப்போதும் எல்லை தாண்டும், அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நான்கைந்து முறை ஹீட்டர் அணைந்து எரியட்டும். அப்புறம், அணைந்தபின் எண்ணெய் தொடும் உச்சத்தையும் மறுபடி எரிந்தபின் தொடும் அடியையும் எழுதுங்கள். 186, 172, 187, 173 என்று வந்தால் சராசரி 179.5. இந்தத் தெர்மோஸ்டாட்டைத் தொட வேண்டியதில்லை. ஏற்ற இறக்கம் 14 டிகிரி இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், அணையும் புள்ளிக்கும் எரியும் புள்ளிக்கும் நடுவே இடைவெளி இல்லாவிட்டால், ஹீட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் நொடிக்கு நொடி தட்டித் தேய்ந்துவிடும். சராசரி 190 என்று விலகி வந்தால் மட்டும் திருகைத் தொடுங்கள். ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு போதும், பிறகு மறுபடி மூன்று சுழற்சி காத்திருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். முடிந்ததும் 150-இலும் ஒருமுறை பாருங்கள். அங்கே பிழை வேறு அளவில் இருந்தால் திருகு உதவாது, தெர்மோஸ்டாட் தேய்ந்துவிட்டது.

பத்து டிகிரிக்கு இவ்வளவு சிரமமா என்று சிலர் கேட்பார்கள். மாவுச்சத்துள்ள பண்டங்கள் 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது, புற்றுநோயை உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாகிறது என்பது 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் போட்ட விதி, பிரெஞ்ச் ஃப்ரைஸ் பொரிக்கும் எண்ணெய் 175 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. பத்து டிகிரி தவறாகக் காட்டும் குமிழை வைத்துக்கொண்டு இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது.

கடைசியாக, எல்லோரும் மறக்கும் பாகம்: ஹை லிமிட், அதாவது சூடு அபாய எல்லையைத் தாண்டினால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு. தெர்மோஸ்டாட்டோடு சம்பந்தமில்லாத தனிக் குழல், தனி சுவிட்ச். பல ஃப்ரையர்களில் 230 டிகிரியை ஒட்டி விழும், கையால் பட்டனை அமுக்கினால்தான் மீளும். தெர்மோஸ்டாட் அணைக்கச் சொன்னாலும் கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 19 டிகிரி என்ற அதே கணக்கில், 180-இல் நிற்கும் எண்ணெய் பத்து நிமிடத்துக்குள், பொறியே இல்லாமல் தீப்பிடிக்கக்கூடிய 350 டிகிரிப் பக்கம் போய்விடும். அதனால் ஹை லிமிட் அதே கான்டாக்டரை இயக்கும் மின்காந்தச் சுருளை (காயில்) மட்டும் அணைத்தால் போதாது. இன்னொரு கான்டாக்டர் வழியாக மின்சாரத்தை வெட்ட வேண்டும். வயரிங் படத்தைத் திறந்து இதை நீங்களே பாருங்கள். தயாரிப்பாளர் சோதனைப் பட்டன் கொடுத்திருந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் அமுக்கி, ஹீட்டருக்கு மின்சாரம் முழுதாக நின்றதா என்று அளந்து பாருங்கள். ஒருமுறை விழுந்த ஹை லிமிட்டை ரீசெட் செய்து வேலையைத் தொடரும் பழக்கம் சமையலறைகளில் உண்டு. அது விழுந்திருந்தால் முதலில் கான்டாக்டரைத் திறந்து முனைகளைப் பாருங்கள், பிறகு தெர்மோஸ்டாட் குழலில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். திரவம் கசிந்த குழல் எண்ணெய் எவ்வளவு சூடானாலும் இன்னும் குளிராகவே இருக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.