நானும் வேறயா?

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பெற்றோர் என்னிடம் மனநல ஆலோசனைக்கு அழைத்து வந்திருந்தார்கள். செல்போனைப் பிடுங்கினால் கதவை உதைக்கிறான், பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறான் என்பது புகார். பிளஸ் டூ படிக்கும் அக்காவும் கூட வந்திருந்தாள். மருந்துச் சீட்டு ஃபைல், தண்ணீர் பாட்டில், அம்மாவின் கைப்பை எல்லாம் அவள் மடியில். அம்மாவிடம் நான் கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.

"ரெண்டு மணிக்கு மேலதான் தூங்குவான் மேடம்."

சரி, அந்த ரெண்டு மணிக்கு இவள் ஏன் விழித்திருக்கிறாள்?

"இவளைப் பத்திக் கவலையே இல்ல. தங்கம்" என்றார் அப்பா.

(அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் பல வீடுகளுக்கு இது பொருந்தும்.)

அவளிடம் தனியாகப் பேசினேன். ஆறு மாதமாக வயிற்றுவலி. மெடிக்கலில் தானே காஸ் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தாள். தம்பி விஷயத்தில் அப்பாவும் அம்மாவும் முட்டிக்கொண்டு பேசாமல் இருக்கும் நாட்களில் "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "வேண்டாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பது அவள்தான். வலியை ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவங்களுக்கு ஏற்கெனவே இவ்வளவு இருக்கு. இதுல நானும் வேறயா?"

வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. தலைவலி, வயிற்றுவலி, எரிச்சல், தூக்கம் கெடுவது என்று வேறு வேஷங்களில் வரும். கதவை உதைக்கிற பிள்ளையை ஆலோசனைக்கு அழைத்து வந்துவிடுவோம். வேளைக்குச் சாப்பிட்டு, மார்க் வாங்கி, ரேஷன் கடைக்கும் போய்வருகிற பிள்ளையை யார் அழைத்து வருவார்கள்? 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அந்த ஏழு பேரில் 'தங்கம்' என்று பெயர் வாங்கியவர்களும் இருப்பார்கள்.

இன்னொன்று, அண்ணன் தம்பி அக்கா தங்கை சண்டை. "எந்த வீட்லதான் இல்ல?" என்பார்கள். உண்மைதான், ரிமோட்டுக்காக அடித்துக்கொள்வதை நான் நோயாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரே பிள்ளை எப்போதும் தோற்கிறதா, உருவத்தையோ நிறத்தையோ சொல்லி மட்டம் தட்டுவது தினமும் நடக்கிறதா, உடன்பிறந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு பிள்ளை அறைக்குள் போய்விடுகிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. 12 வயதில் உடன்பிறந்தவரின் சீண்டலை வாரத்தில் பலமுறை அனுபவித்தவர்களிடம், 18 வயதில் மனச்சோர்வும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தன. பள்ளியில் வம்பிழுத்தால் பிள்ளை வீட்டுக்கு ஓடிவரலாம். வீட்டிலேயே என்றால் எங்கே போவது?

"அக்காவைப் பாத்துக் கத்துக்கோ" என்ற வாக்கியம் இருவரையுமே அடிக்கிறது. தம்பிக்கு அக்கா மீது வெறுப்பு வருகிறது. அக்காவுக்கோ ஒரு தேர்வில்கூடச் சறுக்க உரிமை இல்லாமல் போகிறது. கல்யாண வீட்டில் மார்க் கேட்கும் பெரியப்பாக்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அதை விடுங்கள்.

இந்தக் குடும்பத்துக்கு நான் சொன்னது பெரிதாக ஒன்றுமில்லை. கணவனும் மனைவியும் சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிக்கொள்ள வேண்டும், மகள் தூது போகக் கூடாது. அவளோடு அம்மா தினமும் பத்து நிமிஷம் பேச வேண்டும், அதில் தம்பி பேச்சே வரக்கூடாது. அம்மாவுக்கு முதல் வாரம் பேச விஷயமே கிடைக்கவில்லையாம். அப்புறம், வயிற்றுவலிக்கு ஒரு மருத்துவரையும் பார்க்கச் சொன்னேன். எல்லாமே மனசு என்று நானாக முடிவு கட்டக் கூடாது.

வெளியூரில் இருப்பவர்கள், நேரில் வரத் தயங்குபவர்கள் 14416க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். சாகவேண்டும் என்று பிள்ளை ஒரு தடவை சொன்னாலும் மிரட்டல் என்று தள்ளாமல் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

மூன்றாம் முறை வந்தபோது ஃபைல் அப்பாவின் கையில் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் சீட்டைத் தம்பி பிடித்துக்கொண்டான் என்று அக்கா உள்ளே நுழையும்போதே சண்டை போட்டுக்கொண்டு வந்தாள்.