மல்டிடாஸ்கிங்: பல்பணியா, இழுபடுதலா?

போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையில், பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று ஆவியின் கனியில் எட்டு வரைக்கும் வந்தாயிற்று. அப்போது பார்த்து திரையின் உச்சியிலிருந்து வாட்ஸ்அப் செய்தி ஒன்று இறங்கியது. நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வந்துவிட்டதாம். யார் யாருக்கு டோக்கன் என்று பார்க்கப் போனவன் திரும்பி வந்தபோது, சபை ஐயர் பிரசங்கத்தை முடித்து ஜெபத்துக்குக் கண்ணை மூடியிருந்தார். நான் தவறவிட்ட ஒன்பதாவது, இச்சையடக்கம்.

“மல்டிடாஸ்கிங்கா மாமா?” என்று அக்கா மகன் காதருகே சிரித்தான். அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விடவில்லை.

‘மல்டி’ என்றால் பல. ‘டாஸ்க்’ இன்று வேலை என்ற பொருளில் வழங்கினாலும், அதுவும் ‘டாக்ஸ்’ என்ற வரியும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை. மேலேயிருந்து ஒருவர் சுமத்துவது, நாம் கட்டித் தீர்ப்பது. கிஸ்தி என்ற நிலவரி கட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘மல்டி’யையும் ‘டாஸ்க்’கையும் சேர்த்து 1960-களில் ஒரே சொல்லாக்கியவர்கள் கணினிக்காரர்கள். அது மனிதரைப் பற்றிய சொல்லே அல்ல, இயந்திரத்தைப் பற்றியது.

சரி, இயந்திரமாவது ஒரே நேரத்தில் பல வேலை செய்ததா? இல்லை. அன்றைய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இருந்த செயலி, அதாவது புராசசர், ஒன்றுதான். இந்த வேலைக்குக் கொஞ்ச நேரம், அதை அப்படியே நிறுத்திக் குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குக் கொஞ்ச நேரம் என்று வேகமாக மாறிக்கொண்டே இருந்தது. பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றாக ஓடுவதுபோலத் தெரியும்.

டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர் குறைந்த வருஷங்களில் கல்லணையிலிருந்து இத்தனை நாள் காவிரிக்கு, இத்தனை நாள் வெண்ணாற்றுக்கு என்று முறை வைத்து விடுவார்கள். வாய்க்காலுக்கு வாய்க்காலும் அப்படித்தான். முறைப்பாசனத்தின் நஷ்டம் எங்கே இருக்கிறது என்று விவசாயியைக் கேட்டால் சொல்லுவார். அடைத்த வாய்க்காலை மறுபடி திறந்தால், வெடித்துக் கிடக்கும் தரை முதலில் குடிக்கும். அது குடித்து மீந்ததுதான் வயலுக்கு. கடைமடைக்குப் போய்ச் சேருவதற்குள் முறை முடிந்து ஷட்டரை இறக்கிவிடுவார்கள். டோக்கன் செய்தியிலிருந்து கலாத்தியருக்குத் திரும்பிய என் மனசுக்கும் அதே கதிதான். விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதிலேயே பாதித் தண்ணீர் போய்விட்டது.

கணினித் தமிழில் இதற்குப் ‘பல்பணி’ என்ற சொல் புழங்குகிறது. இயந்திரத்துக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். மனிதருக்கு ‘அட்டாவதானி’ என்று பட்டம் கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவதானம் என்றாலே ஒருமுகப்பட்ட கவனம். எட்டு பேர் எட்டு திசையிலிருந்து கேட்டாலும் அவதானி ஒவ்வொன்றாக வாங்கி, நினைவில் பூட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பித் தருகிறார். எட்டிலும் சிதறியவருக்கு அந்த மேடையில் இடமே கிடையாது.

வேதாகமத்தில் இப்படிச் சிதறியவருக்கு நேரான ஆள், இயேசு வீட்டுக்கு வந்தபோது வேலையில் ஓடியாடிய மார்த்தாள். லூக்கா 10-ஆம் அதிகாரம். பழைய மொழிபெயர்ப்பில் அவள் “பற்பல வேலைகளைச் செய்வதில் மிகவும் வருத்தமடைந்து” வருகிறாள். இந்த ‘வருத்தம்’ சோகம் அல்ல. “வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே” என்ற இடத்தில் வருகிற அதே வருத்தம், உடல் நோகிற உழைப்பு. கத்தோலிக்கரின் திருவிவிலியம் ‘பரபரப்பாகி’ என்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது ‘பெரிஸ்பாவோ’ என்னும் வினை. ‘பெரி’ என்றால் சுற்றிலும், ‘ஸ்பாவோ’ என்றால் இழு. நாலாபக்கமும் இழுபட்டாள். ஆங்கில ‘டிஸ்ட்ராக்‌ஷன்’ பிறந்த லத்தீன் வினைக்கும் பிரித்து இழுப்பது என்றே பொருள்.

இரண்டு மொழியிலும் இழுப்பவர் ஒருவர் இருக்கிறார். நாம் வழங்கும் ‘கவனச்சிதறல்’ என்ற சொல்லில் அவர் காணாமல் போய்விடுகிறார். கையிலிருந்த நெல் தானாகக் கொட்டிப்போன மாதிரி இருக்கிறது. கைபேசி விஷயத்தில் அது நியாயமல்ல. சிவப்புப் புள்ளியும் ‘டிங்’ ஒலியும் முடிவில்லாமல் கீழே ஓடும் திரையும் யாரோ யோசித்து வைத்தவை. நம் பார்வை நிற்கிற நேரம்தான் அங்கே விளம்பரக் காசு. என்னைக் கேட்டால் ‘மடைமாற்றம்’தான் சரியான சொல். ராத்திரியில் நம் வரப்பை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொள்கிறவனை நாம் ‘நீர்ச்சிதறல்’ என்றா சொல்கிறோம்?

அப்புறம் நான் தவறவிட்ட அந்த ஒன்பதாவது, இச்சையடக்கம். தமிழில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாட்டை ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1715-இல் முடித்தது நம் தரங்கம்பாடியில். ஆகவே இந்தச் சொல்லைத் துருவ டெல்டாக்காரனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘இச்சை’ வடமொழியில் வெறும் விருப்பம். நம் சபைகளிலோ “மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை” என்று கேட்டுக் கேட்டு அது காமத்தை மட்டும் குறிக்கிற சொல்லாகச் சுருங்கிவிட்டது. விளைவு, ஆபாசம் பார்க்காதவரை கைபேசியில் பாவமில்லை என்று நினைத்து இரண்டு மணி நேரம் ரீல்ஸ் தள்ளுகிறோம். திருவிவிலியத்தின் ‘தன்னடக்கம்’ அந்தச் சிக்கலிலிருந்து தப்பி வேறொன்றில் மாட்டுகிறது. “தன்னடக்கத்தோடு பேசினார்” என்றால் பெருமையடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? வெறும் ‘அடக்கம்’ என்றால் இன்னும் மோசம். “மாலை நாலு மணிக்கு அடக்கம்” என்று அறிவித்தால் மாலை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ‘எங்கிராதெயா’. ‘என்’ என்றால் உள்ளே, ‘கிராத்தோஸ்’ என்றால் வலிமை, ஆளுகை. ‘டெமாக்ரசி’யின் வாலில் இருப்பதும் இதே கிராத்தோஸ்தான். அமுக்கி வைப்பது அல்ல, உள்ளே ஆளுவது. கொரிந்தியருக்கு எழுதும்போது இதே சொல்லின் வினையைப் பந்தய வீரனுக்குச் சொல்கிறார். அவனுக்கு ஆசை இல்லாமலா ஓடுகிறான்? கிரீடம் என்ற ஒரே ஆசைக்காக மற்ற மடைகளை அடைத்து வைத்திருக்கிறான். அதே நிருபத்தில் “நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்” என்றும் எழுதியிருக்கிறார். மண்வெட்டி யார் கையில் என்பதுதான் கேள்வி.

பேச்சில் ‘சுயக்கட்டுப்பாடு’ ஓரளவு பொருந்துகிறது, நானும் அதையே சொல்கிறேன். வேர்ப்பொருளை அப்படியே தமிழாக்கினால், ‘தன்னாட்சி’யைக் கல்லூரிகள் பெயர்ப்பலகையில் மாட்டிவிட்டன. உள்ளே, ஆளுகை என்று எழுத்துக்கு எழுத்து சேர்த்தால் வருவது ‘உள்ளாட்சி’. ஆவியின் கனியோ அன்பு, சந்தோஷம், சாந்தம், உள்ளாட்சி என்று ஆலயத்தில் வாசித்துப் பாருங்கள், அடுத்த சபைத் தேர்தலுக்கு யார் நிற்கிறார்கள் என்று பின்வரிசையில் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.